பெலிண்டா ஹோட்டலின் கல்லாறு

காளவாய்த் தெருக் குழாய்கள் திறந்தால் காற்று மட்டும் வந்துகொண்டிருந்த கோடையில், ஏரிகள் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்து சென்னையில் பணக்காரர்களும் முகம் கழுவுவதற்கு யோசித்த கோடையில், எங்கள் தெருவைச் சேர்ந்த சௌந்தரமும் அவள் கணவர் ஏகாம்பரமும் பெலிண்டா ஹோட்டலில் தங்குவதற்குப் போனார்கள். சௌந்தரம் புறநகர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவள். ஏகாம்பரம் மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் அவர்கள் மகள் மதுரவேணி, அம்மா அப்பாவின் கல்யாண நாளுக்காக அந்த ஹோட்டலில் நான்கு நாள் தங்க ஏற்பாடு செய்து, அதை ரத்து செய்ய முடியாது என்றும் போனில் சொல்லிவிட்டாள். அப்படிச் சொல்லாவிட்டால் அம்மா ரத்து செய்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

எங்கள் தெருவிலிருந்து பெலிண்டாவுக்கு நடந்தே போகலாம். நடுவில் ஒரு மேம்பாலமும் இரண்டு சிக்னலும்தான். ஆனாலும் அந்த வெள்ளைத் தூண்களையும், தலைப்பாகை கட்டிய வாயில்காப்பாளரையும், மதிலுக்கு மேல் எட்டிப்பார்க்கும் மூங்கில் கொத்தையும் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறோமே தவிர, உள்ளே போன ஆள் எங்களில் யாருமில்லை. அதனால் அவர்கள் ஆட்டோ ஏறிய அன்று தெருவே வாசலுக்கு வந்து வழியனுப்பியது. தெருமுனையில் ஆப்பக்கடை வைத்திருக்கும் பாத்திமுத்து மட்டும் தலையைத் தூக்கவில்லை. அவளுக்கும் சௌந்தரத்துக்கும் பேச்சு நின்று பல வருடம் ஆகியிருந்தது. எப்போதோ ஒரு தண்ணீர் லாரி நாளில் ஒருத்தியின் குடத்தை இன்னொருத்தி நகர்த்திவிட்டாள் என்று ஆரம்பித்தது அது. யார் யாருடையதை நகர்த்தினார்கள் என்பது இருவருக்குமே மறந்துபோய், பேசக்கூடாது என்பது மட்டும் மறக்காமல் இருந்தது.

ஹோட்டலில் அவர்களுக்குக் கிடைத்தது தரைத்தளத்தில் நூற்றுப் பதினான்காம் எண் அறை. தேக்குக் கட்டிலும், பித்தளைக் கைப்பிடி போட்ட அலமாரியும், ஒரு ஆள் நீட்டிப் படுக்கும்படியான வெள்ளைக் குளியல் தொட்டியும், அதைத் தாண்டி ஒரு கண்ணாடிக் கதவும் இருந்தன. அந்தக் கதவைத் திறந்தால் ஜப்பானியத் தோட்டம். ஏகாம்பரம் வந்த கையோடு வெள்ளைத் துவாலைத் துணியில் தைத்த அங்கியை மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில்கூட அதைக் கழற்றவேயில்லை. வாழ்நாள் முழுக்கக் காக்கியில் இருந்த உடம்பு வெள்ளையில் எப்படி இருக்கிறது என்று கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டார். சௌந்தரத்துக்கு அந்தத் தொட்டியைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அதை நிரப்பினால் எங்கள் தெருவில் எத்தனை வீட்டுக்கு வரும் என்று அவள் மனம் தானாகக் கணக்குப் போட்டது. குழாயை அரைத் திருகு திருகி, ஒரு தம்ளரில் பிடித்து, முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

அந்தத் தோட்டத்தில் ஒரு ஆறு உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு. ஹோட்டல் கட்டிய காலத்தில் ஜப்பானிலிருந்து வந்த தோட்டக்காரர் ஒருவர், இந்த ஊர் வெயிலுக்குக் குளம் வெட்டினால் நிற்காது என்று சொல்லிவிட்டு, வெள்ளைச் சரளைக் கல்லைக் கொட்டி, அதில் பெரிய சீப்பு மாதிரி மரப்பல் வைத்த கோலால் அலை அலையாகக் கோடு இழுத்து, பாறைகளைச் சுற்றி அந்தக் கோடுகளை வளைத்து, ஒரு சின்ன மரப்பாலத்தின் அடியில் நுழைத்து, மூங்கில் புதருக்குள் கொண்டுபோய் விட்டிருந்தார். பார்த்தால் ஓடுவது போலவே இருக்கும். கஜபதி என்ற தோட்டக்காரர் தினமும் காலையில் அந்தக் கோடுகளைப் புதிதாக இழுத்துவிடுவார். மற்றவர்கள் அதை ஜப்பான் தோட்டம் என்பார்கள், கஜபதி மட்டும் கல்லாறு என்பார்.

இரண்டாம் நாள் காலை, ஏகாம்பரம் அங்கியோடு இட்லி சாப்பிடப் போயிருந்தபோது, சௌந்தரம் கல்லாற்றின் கரையில் உட்கார்ந்து எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். பாறையைச் சுற்றியிருந்த கோடுகள் மெதுவாக நகர்ந்தன. கோடுகள் வளைந்து, பாலத்தின் அடியில் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்து, அந்தப் பக்கம் விரிந்து, மூங்கிலுக்குள் போயின. சலசலவென்ற சத்தமும் வந்தது. சௌந்தரம் கையை விட்டுப் பார்த்தாள். கையில் கல்தான் வந்தது. வெயிலில் சுட்ட, காய்ந்த, வெள்ளைக் கல். எழுந்து அறைக்குப் போய் தம்ளரை எடுத்து வந்து முகந்தாள். தம்ளரில் தண்ணீர் இருந்தது. குடித்துப் பார்த்தாள். உப்பு இல்லை, துரு வாடை இல்லை. மறுபடி கையால் அள்ளினாள், கல். மறுபடி தம்ளரால் அள்ளினாள், தண்ணீர்.

கஜபதி பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, காலையில் கோடு இழுக்கும்போதே கோல் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போனது, அப்போதே நினைத்தேன் என்றார். சாப்பிட்டுவிட்டு வந்த ஏகாம்பரம் தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்து, இதில் காபி போட்டால் நன்றாக இருக்கும் என்றார். சௌந்தரம் யாருக்குச் சொல்வது என்று யோசித்தாள். எங்கள் தெருவில் யாருக்குச் சொன்னாலும் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் தள்ளுமுள்ளு வரும். தள்ளுமுள்ளு இல்லாமல் எல்லோரையும் வரிசையில் நிறுத்தத் தெரிந்தவள் தெருவில் ஒருத்திதான். சௌந்தரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்தை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பிறகு அந்த எண்ணை அழுத்தினாள்.

"பாத்தி, நான் சௌந்தரம் பேசறேன்."

அந்தப் பக்கம் ஆப்பச்சட்டி சீறும் சத்தம் மட்டும் கேட்டது. அது நின்று, இன்னொரு கரண்டி மாவு விழுந்து, அதுவும் சீறி அடங்கும்வரை பாத்திமுத்து பேசவில்லை.

"இங்க தண்ணி ஓடுது," என்றாள் சௌந்தரம்.

"எத்தினி கொடம் எடுத்தாரணும்?" என்றாள் பாத்திமுத்து.

ஹோட்டலின் பொது மேலாளர் திருமதி ஷீலா குருவில்லா கோட்டயத்துக்காரர். அந்த ஹோட்டலில் சேர்ந்து, அதிலேயே நரைத்தவர். அன்று காலைதான் அவர் மூன்றாம் மாடியை மூடச் சொல்லியிருந்தார். நான்காம் மாடி போன வாரமே மூடியாகிவிட்டது. துவைக்காத படுக்கை விரிப்புகள் சலவைக் கூடத்தில் மலையாகக் கிடந்தன. இப்படியே போனால் மாத முடிவில் வேலைக்காரர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், அது யார் யார் என்று முடிவு செய்வதற்குத்தான் அவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது வாயிலிலிருந்து போன் வந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று பிளாஸ்டிக் குடங்களோடு ஒரு தெருவே வந்து நிற்கிறது, நூற்றுப் பதினான்காம் அறை அம்மாவைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள், என்ன செய்வது என்றார் காப்பாளர்.

குருவில்லா அம்மா தோட்டத்துக்கு வந்தார். ஆற்றைப் பார்த்தார். குனிந்து ஒரு கை அள்ளி, கல்லைத் திரும்பப் போட்டார். ஏகாம்பரம் நீட்டிய தம்ளரை வாங்கிக் குடித்தார். பிறகு சௌந்தரத்திடம், வாசலில் நிற்பவர்கள் உங்களைப் பார்க்க வந்தவர்களா என்று கேட்டார்.

"ஆமாம்மா. எங்க தெருக்காரங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

பெலிண்டாவில் தங்குகிறவர்களைப் பார்க்க வருகிறவர்களைத் தடுப்பதில்லை என்பது அந்த ஹோட்டலின் பழைய விதி. அதை எழுதியவர்கள் காரில் வரும் இரண்டு பேரை நினைத்து எழுதியிருக்கலாம். எத்தனை பேர் என்று அதில் சொல்லவில்லை. குருவில்லா அம்மா காப்பாளரிடம், அறைக்கு வந்திருக்கும் விருந்தாளிகளை வழக்கப்படி உள்ளே அழைத்துவரச் சொன்னார்.

வழக்கப்படி என்றால் வழக்கப்படிதான் நடந்தது. தலைப்பாகைக்காரர் ஒவ்வொருவருக்கும் சலாம் வைத்தார். எங்கள் குடங்கள் பாதுகாப்பு இயந்திரத்தின் ஓடும் பட்டையில் கைப்பைகளைப் போல வரிசையாகப் படுத்து உள்ளே போய் அந்தப் பக்கம் வெளியே வந்தன. லாபியில் எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். வெட்டிவேர் வாசனை போட்டுக் குளிரவைத்த சின்னத் துண்டுகளை இடுக்கியால் எடுத்துக் கொடுத்தார்கள். நாங்கள் அதை என்ன செய்வதென்று தெரியாமல் சிலர் முகம் துடைத்தோம், சிலர் இடுப்பில் செருகிக்கொண்டோம். பாத்திமுத்து முன்னால் நடந்தாள். சௌந்தரத்தின் எதிரில் வந்ததும் இருவரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பாத்திமுத்து தன் குடத்தைக் கீழே வைத்து, இந்த இடம் சரியா என்று கேட்டாள். சௌந்தரம் அதை ஒரு சாண் நகர்த்தி, இப்போது சரி என்றாள். அதற்குப் பிறகு அவர்கள் அந்தச் சண்டையைப் பற்றிப் பேசவேயில்லை.

இப்படித்தான் அது எங்கள் வழக்கமாக ஆனது. காலையில் கஜபதி கோடு இழுத்து முடித்ததும் ஆறு ஓடத் தொடங்கும், வெயில் சாயும்போது நிற்கும். அவசரப்படாமல் தன் போக்கில் ஓடும் ஆறு அது. குடத்தைச் சாய்த்து வைத்தால் அது நிரம்புகிற நேரத்தில் நிரம்பும். ஏகாம்பரம் தன் பழைய விசிலைத் தெருவிலிருந்து வரவழைத்து, வெள்ளை அங்கியோடு பாலத்தின் மேல் நின்று, முன்னால் போங்கள், உள்ளே இடம் இருக்கிறது, பாலத்தில் நிற்காதீர்கள் என்று ஒழுங்கு செய்தார். பாலத்தின் பக்கத்தில் நின்ற ஜப்பானியக் கல்விளக்குக்கு யாரோ குங்குமம் வைத்தார்கள், யாரோ மெழுகுவத்தி ஏற்றினார்கள், மஸ்தான் டெய்லர் அதன் பக்கத்தில் ஊதுபத்தி செருகினார். கஜபதி மெழுகு சரளையில் சிந்தாதபடி கீழே ஒரு தட்டு வைத்தார். குடிநீர் அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்து, அளந்து, தலையைச் சொறிந்து, இது எங்கள் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டு, அடுக்குமாடியில் இருப்பவர்களும் வரிசையில் நிற்கலாமா என்று பாத்திமுத்துவிடம் தனியாகக் கேட்டார். நிற்கலாம் என்றாள். மறுநாள் அவர் மனைவி எவர்சில்வர் குடத்தோடு வந்தாள். செய்தித்தாளில், இன்றைய நிகழ்ச்சிகள் என்ற பகுதியில், இலவசக் கண் சிகிச்சை முகாமுக்கும் நூலக வாசகர் வட்டத்துக்கும் நடுவில் போட்டிருந்தார்கள்: பெலிண்டா ஹோட்டல், கல்லாறு, காலை முதல்.

ஹோட்டலில் தங்கியிருந்த மற்றவர்களுக்கும் அது பழகிவிட்டது. ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஒரு தோல் வியாபாரி, காலை நடைக்கு வந்தவர், முதல் நாள் படம் எடுத்தார், இரண்டாம் நாள் ஒரு பாட்டிலோடு வரிசையில் நின்றார், மூன்றாம் நாள் பூக்காரி தெய்வானையின் குடத்தைத் தூக்கித் தோளில் வைக்க முயன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இடுப்பில் எப்படி வைத்துக்கொள்வது என்று தெய்வானை காட்டிக்கொடுத்தாள்.

ஆனால் ஹோட்டலுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. நாங்கள் அதை யோசிக்கவில்லை. இத்தனை பெரிய கட்டடத்துக்குத் தாகம் எடுக்கும் என்று யாருக்குத் தோன்றும்? ஒரு காலை, சமையலறையில் அரிசி களையத் தண்ணீர் இல்லை என்றதும், குருவில்லா அம்மா பார் மேசையிலிருந்து வெள்ளி போலப் பளபளக்கும் ஒரு ஐஸ் வாளியை எடுத்துக்கொண்டு, பட்டுப் புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்து, நேராக ஆற்றின் கரைக்கு நடந்து வந்தார். வேலைக்காரர்கள் தோட்டத்தின் ஓரங்களில் நின்று பார்த்தார்கள். பாலத்தின் மேலிருந்து ஏகாம்பரம் விசில் ஊதினார்.

"வரிசைம்மா," என்றார்.

அந்த மண் அந்த அம்மாவின் பொறுப்பில் இருக்கும் மண், அந்தக் கல் அவர் ஹோட்டல் கல். அவர் ஒரு வார்த்தை சொன்னால் காப்பாளர் எங்கள் எல்லோரையும் தெருவுக்கு அனுப்பியிருப்பார், நாங்களும் போயிருப்போம். குருவில்லா அம்மா ஏகாம்பரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு திரும்பி, மூங்கிலைத் தாண்டி, வற்றிக்கிடந்த நீச்சல் குளத்தைத் தாண்டி, சலவைக்கூடத்தின் வாசல்வரை நீண்டிருந்த வரிசையின் கடைசிக்கு நடந்து, ஒரு உடைந்த ஊதாக் குடத்துக்குப் பின்னால் தன் ஐஸ் வாளியை வைத்துவிட்டு நின்றார்.

அதைப் பார்த்ததும் பாத்திமுத்து வரிசையின் முன்னாலிருந்து கடைசிவரை நடந்து வந்தாள். ஹோட்டலில் எத்தனை பேர், எத்தனை அடுப்பு, எத்தனை விரிப்பு என்று விசாரித்தாள். அன்று முதல் எங்கள் இரண்டு குடத்துக்கு ஒரு பாத்திரம் ஹோட்டலுக்கு என்று அவள் வைத்த ஒழுங்கு நடந்தது. அண்டாக்களும், சூப் பானைகளும், கேக் அச்சுகளும், பூச்சாடிகளும் வரிசையில் வந்தன. மூடிக்கிடந்த மூன்றாம் மாடி அறைகளின் குளியல் தொட்டிகளை எங்கள் பெண்கள் கை மாற்றிக் கை மாற்றி நிரப்பினார்கள். மில் வேலை முடிந்து இருட்டிய பிறகு வருகிறவர்கள் லிஃப்டில் மேலே போய் அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். தங்குகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு வாளி என்று ஆனது. அதற்காக யாரும் அறையைக் காலி செய்யவில்லை. ஊரில் மற்ற பெரிய ஹோட்டல்கள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது பெலிண்டாவில் மட்டும் நான்காம் மாடியிலும் மறுபடி விளக்கு எரிந்தது, யாரும் வேலை இழக்கவில்லை.

இதற்குள் சௌந்தரம் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்து, போயும்விட்டது. பம்பாயில் இருந்த முதலாளி குடும்பத்துக்கு விஷயம் எட்டி, அவர்கள் குருவில்லா அம்மாவுக்குப் போன் செய்திருந்தார்கள். விருந்தாளியைப் பார்க்க வருகிறவர்கள் என்றால் சரி, அந்த விருந்தாளி கிளம்பியதும் கதவைச் சாத்திவிட வேண்டும், இல்லையென்றால் தோட்டத்தைத் தோண்டிக் கார் நிறுத்தும் இடமாக்கிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் குருவில்லா அம்மா சௌந்தரத்தை ஹோட்டலின் விருந்தாளியாக இன்னும் சில நாள் இருக்கச் சொன்னார். சில நாள் வாரமானது, வாரம் மாதமானது.

சௌந்தரம் அந்த அறைக்குப் பழகினாள். அவளே எதிர்பார்க்கவில்லை. காலையில் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு கால்களை நீட்டி உட்கார்ந்து, யாரோ போட்டுக் கொடுத்த காபியை ஆறுவதற்குள் குடிப்பது அவளுக்குப் பிடித்துப் போனது. மாறாக ஏகாம்பரம் வாடிப்போனார். ஒருநாள் அங்கியைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தார், மறுநாள் அதை எடுத்துப் போடவில்லை. அவருக்குத் தன் கட்டிலில் நடுவில் இருக்கும் பள்ளம் வேண்டியிருந்தது. டீக்கடையில் நின்று பழைய டிரைவர்களோடு அரசியல் பேச வேண்டியிருந்தது. பகலில் தெருவுக்கு வந்து பூட்டிய வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பார், சாயங்காலம் யாராவது நினைவுபடுத்தினால் எழுந்து ஹோட்டலுக்குப் போவார். ஒருநாள் பாலத்தின் மேல் நின்றவர் விசிலை வாயில் வைத்துவிட்டு ஊத மறந்து நின்றார். சௌந்தரம் அதைப் பார்த்தாள்.

அன்று மாலை அவள் பாத்திமுத்துவை ஆற்றங்கரைக்குக் கூட்டிவந்து சொன்னாள். அவர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, வீட்டுக்குப் போகலாமா என்று வாய்விட்டுக் கேட்கவும் மாட்டேன் என்கிறார், நான் கிளம்பினால் தெருவுக்குக் கதவு சாத்திவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும் என்றாள். கதவு சாத்தாவிட்டாலும், நான் வந்த பிறகுதானே இது ஓடத் தொடங்கியது, நான் போனதும் நின்றுவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டாள். பாத்திமுத்து நின்றுபோயிருந்த கற்களைக் காலால் தடவிக்கொண்டே யோசித்தாள்.

"நீ போக்கா. உன் எடத்துல நாங்க ஒவ்வொருத்தரா வந்து படுக்கறோம்," என்றாள்.

இருவருமாகப் போய் குருவில்லா அம்மாவிடம் சொன்னார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நூற்றுப் பதினான்கில் ஒரு விருந்தாளி இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது, அது யாராக இருக்க வேண்டும் என்று பம்பாயில் யாரும் சொல்லவில்லையே என்றார்.

சௌந்தரம் கிளம்பிய காலையில் தெரு முழுக்கத் தோட்டத்தில் நின்றது. சமையல்காரர்களும் சலவைக்காரர்களும் ஜன்னல்களில் நின்றார்கள். அவள் பெட்டியோடு லாபியைத் தாண்டி வெயிலில் கால் வைத்தபோது ஆறு மெதுவானது. பாறையைச் சுற்றியிருந்த கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. சத்தம் அடங்கியது. ஒரு குடத்தில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் இழையாகி, நூலாகி, சொட்டானது. பாத்திமுத்து குடத்தின் கழுத்தைப் பிடித்த பிடியை விடவில்லை. உள்ளே ரிசப்ஷனில், அடுத்த விருந்தாளியான பூக்காரி தெய்வானை, பூக்கூடையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, தன் பெயரைச் சொல்லிவிட்டு அறைச் சாவியை வாங்கினாள். அவள் நடைக்கூடத்தில் நடந்து, கதவைத் திறந்து, கட்டிலில் உட்கார்ந்தாள். சொட்டு நூலாகி, இழையாகி, ஆறு பாலத்தின் அடியில் முட்டிக்கொண்டு ஓடத் தொடங்கியது. வாசலில் ஆட்டோவில் உட்கார்ந்திருந்த சௌந்தரத்துக்கு அந்தச் சத்தம் கேட்டது. அவள் அழுதாள். ஏகாம்பரம் டிரைவரிடம் போகலாம் ரைட் என்றார்.

அதன் பிறகு எங்கள் தெரு முறைவைத்து பெலிண்டாவில் தங்கியது. தெய்வானை திரைச்சீலைக் கம்பியில் கதம்பத்தைத் தொங்கவிட்டாள், அந்த வாசனை அறையை விட்டுப் போகவேயில்லை. மஸ்தான் டெய்லர் ஏசியைக் கடைசிவரை திருகிவிட்டு, தான் தைத்து இதுவரை போட்டுப் பார்க்க வாய்ப்பில்லாத கோட்டை மாட்டிக்கொண்டு தூங்கினார். ஒரே அறையில் ஏழு பேரோடு குடியிருந்த கலியமூர்த்திக்கும் அவன் புது மனைவி சுகுணாவுக்கும் முறை வந்தபோது, அவர்கள் சாப்பிடவும் வெளியே வரவில்லை. திரும்பி வந்தபோது தெருவில் யாரும் எதுவும் கேட்கவில்லை. சுகுணா மட்டும் ஒரு வாரம் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டை விட்டு வெளியே வந்தே பல காலமான முருகவேல் வாத்தியாரை நாற்காலியோடு தூக்கிவந்து கண்ணாடிக் கதவருகில் வைத்தார்கள். அவர் ஒரு நாள் முழுக்க வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எல்லோரும் எவ்வளவு வளர்ந்துவிட்டீர்கள் என்றார்.

பாத்திமுத்துவின் முறை வரும்போதெல்லாம் அவள் இன்னொருவரை அனுப்பினாள். ஒருமுறை இவள் பிள்ளை பெற்று வந்தவள் என்றாள், இன்னொரு முறை அவனுக்கு மனசு சரியில்லை, போய் இருந்துவிட்டு வரட்டும் என்றாள். ஆப்பக்கடையை யார் பார்ப்பது என்றும் கேட்டாள். சௌந்தரம் கடையை நான் பார்க்கிறேன் என்று சொன்னதற்கு, நீ மாவைக் கெட்டியாகக் கரைப்பாய் என்று சொல்லி மறுத்துவிட்டாள்.

மழை ஒரு நண்பகலில் வந்தது. வரிசை வழக்கம்போல சலவைக்கூடம்வரை நீண்டிருந்தது. ஏகாம்பரம் விசிலோடு பாலத்தின் மேல் நின்றார், இப்போது வீட்டிலிருந்து வந்துபோகிறவராக. மூங்கில் முதலில் அசைந்தது. மண் வாசனை எங்கிருந்தோ வந்து, எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். முதல் பெரிய சொட்டு கல்விளக்கின் தலையில் விழுந்தது. பிறகு வானம் மொத்தமாக இறங்கியது. அந்த நேரத்தில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தது சுகுணா. அவள் குடத்தில் பாதி தண்ணீர் வந்து, மேல் பாதி வெள்ளைக் கல்லாக விழுந்தது. கல்லாறு கல்லாகி நின்றுவிட்டது, மழை அதன் கோடுகளை அழித்தது. வரிசையை விட்டு யாரும் நகரவில்லை. குடங்களைத் திறந்து வைத்துவிட்டு, முகத்தை அண்ணாந்து, வாயைத் திறந்துகொண்டு நின்றோம். சமையல்காரர்கள் தொப்பியோடு வந்து எங்கள் நடுவில் நின்றார்கள். குருவில்லா அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்தார்.

இரண்டு நாள் விடாமல் பெய்தது. ஏரிகளில் தண்ணீர் ஏறுகிறது என்று வானொலியில் சொன்னார்கள். எங்கள் குழாய்கள் இருமி, செம்மண்ணைத் துப்பி, பிறகு தண்ணீரைக் கொடுத்தன. பம்பாய்க்காரர்கள் போன் செய்வதை நிறுத்தி வெகு நாளாகியிருந்தது. நூற்றுப் பதினான்கில் விருந்தாளி இருக்க வேண்டிய தேவை இனி யாருக்கும் இல்லை. நாங்கள் அறையைத் துடைத்துப் பெருக்கிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனோம், பாத்திமுத்துவும் வந்திருந்தாள். குருவில்லா அம்மா சாவியை வாங்கிக்கொண்டு, யாருடைய முறை பாக்கி என்று கேட்டார்.

எல்லோரும் பாத்திமுத்துவைப் பார்த்தோம்.

"அதான் ஆறு நின்னு போச்சேம்மா," என்றாள் அவள். "நான் இருந்து இன்னா ஆவப்போவுது?"

"ஆற்றுக்காக இல்லை, சேச்சி," என்றார் குருவில்லா அம்மா. சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

கடையைச் சௌந்தரத்திடம் விட்டுவிட்டு, ஒரு மாற்றுப் புடவையை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு அவள் போனாள். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, வெந்நீர் கலந்து, விரல் நுனிகள் சுருங்கும்வரை கிடந்தாள் என்று பிறகு சொன்னாள். ஈரத்தலையோடு கட்டிலில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

விடிந்தும் அவள் எழவில்லை. எங்களுக்கு இது புதிதாக இருந்தது. எத்தனையோ வருடமாக லாரியின் சத்தம் கேட்டு எழுந்து, ஒவ்வொரு கதவாகத் தட்டி எங்களை எழுப்பியவள் அவள்தான். அவள் தூங்கி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. சௌந்தரம் ஆப்பக்கடையை ஏகாம்பரத்திடம் விட்டுவிட்டு ஹோட்டலுக்குப் போய், நூற்றுப் பதினான்கின் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். அறை துடைக்க வந்த பெண்ணை விரலை உதட்டில் வைத்துத் திருப்பி அனுப்பினாள். விஷயம் பரவியது. தள்ளுவண்டிகளின் சக்கரத்துக்குத் துணி சுற்றினார்கள். லாபியில் ரிசப்ஷன் மணியின் மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டார்கள். தலைப்பாகைக்காரர் வாசலில் ஹாரன் அடித்த கார்களுக்குக் கைகூப்பினார். தோட்டத்தில் மழை அழித்த கோடுகளைத் திரும்ப இழுக்கக் கோலோடு வந்த கஜபதி, சரளை கரகரக்கும் என்று, கோலைச் சாய்த்து வைத்துவிட்டுப் பாலத்தில் உட்கார்ந்துகொண்டார். எங்கள் தெருவிலிருந்து ஒவ்வொருவராக வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நடைக்கூடத்தின் இரண்டு பக்கச் சுவரோரமும் கம்பளத்தில் உட்கார்ந்தோம். சமையலறையில் தோசைத் திருப்பி கல்லில் படாமல் தோசை சுட்டார்கள்.

மதியம் நெருங்கும்போது கதவு கொஞ்சம் திறந்தது. முடி கலைந்து, கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்து, பாதிக் கண்ணோடு பாத்திமுத்து எட்டிப்பார்த்தாள். எதிரில் இருந்த சௌந்தரம் மட்டும்தான் அவள் கண்ணில் பட்டாள்.

"இன்னா நேரம்க்கா?"

சௌந்தரம் நடைக்கூடத்தின் கடைசி ஜன்னலைப் பார்த்தாள். வெளியே வானம் கறுத்து, அடுத்த மழைக்கு இருட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் விடியலடி," என்றாள். "போய்ப் படு."

கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.